மேலே மொறுமொறுப்பு, உள்ளே குழைவு: எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பனி கொட்டும் இரவுகளுக்குப் பழகிப்போன உணவு கோழி கேசரோல். கோழிக்கறி, காய்கறி, கெட்டியான வெள்ளை சாஸ், மேலே ரொட்டித்தூள். எல்லாம் ஒரே பாத்திரத்தில், 180 டிகிரி செல்சியஸ் ஓவனில் வேகின்றன. அப்படியிருந்தும் மேற்பரப்பு மட்டும் முறுகுகிறது, உள்ளே குழைவாகவே இருக்கிறது. ஏன்?

நீர்தான் காரணம். ஈரம் இருக்கும்வரை சாஸின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மேலே தூவிய ரொட்டித்தூளோ சீக்கிரம் உலர்கிறது. உலர்ந்த இடம் 140 டிகிரியை நெருங்கும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வேகமாக வினைபுரிந்து பழுப்பு நிறமும் வறுத்த மணமும் தருகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912-ல் விவரித்த வினை இது.

கறியில் எனக்குத் தொடைதான். அதில் கொலாஜன் அதிகம். நெடுநேரச் சூட்டில் ஜெலட்டினாகக் கரைந்து கறியை மெத்தென்று ஆக்கும். நெஞ்சுக்கறி அதற்குள் சக்கையாகிவிடும்.

கேசரோலின் சூடு ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை? சாஸில் உள்ள மாவின் ஸ்டார்ச் நீரை உறிஞ்சி உப்பிக் கெட்டிப்படுகிறது. நீர்த்த ரசத்தில் சூடான பகுதி மேலேறி, ஆறியது கீழிறங்கி, சுழன்றுகொண்டே குளிர்ந்துவிடும். கெட்டி சாஸில் அந்தச் சுழற்சி மிகக் குறைவு. குளிர் இரவுக்கு இந்த உணவு இவ்வளவு இதமாக இருப்பது அதனால்தான்.

இறக்கியதும் பரிமாறாதீர்கள், பத்து நிமிடம் விட்டால் சாஸ் இறுகும். இறக்கும் முன் கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டதா என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள்.