குதிரைக்கு ஹார்மோன் மருந்து: பயனும் எல்லையும்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மஃபர் எனப்பட்ட தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்து அரபுக் குதிரைகளை வாங்கியதையும், பேணும் முறை அறிந்தோர் இன்மையால் அவற்றுட் பெரும்பாலானவை மடிந்ததையும் பதிவு செய்துள்ளார். அரபுலகிலோ ‘பைத்தரா’ எனும் கால்நடை மருத்துவம் தனிக்கலையாக வளர்ந்திருந்தது. 14ஆம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் குதிரை மருத்துவரான அபூபக்ர் இப்னு பத்ர் அக்கலையில் விரிவான நூல் இயற்றினார். குதிரைகள் வந்த அளவுக்கு அவற்றைப் பேணும் அறிவு இங்கு வந்து சேரவில்லை.

இன்றும் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊர்த் திருவிழாக்களை ஒட்டிக் குதிரை வண்டிப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. வளர்ந்த குதிரைக்கு ஹார்மோன் மருந்து தரலாமா எனும் வினாவுக்கு, எந்த மருந்து, எந்நோய்க்கு, எவ்வளவு என்பதைக் கொண்டே விடை கூற வேண்டும்.

உடற்சுரப்பிகள் இரத்தத்தில் கலக்கும் இயக்குநீர்களே ஹார்மோன்கள். ஈன்ற குதிரைக்கு 3 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழாவிடில் மருத்துவர் ஆக்ஸிடோசின் தருவார். அது கருப்பையைச் சுருங்கச் செய்யும். குட்டி குறுக்கே கிடக்கையில் அதே ஊசி தாய்க்கும் குட்டிக்கும் ஆபத்தாகும். பெண்குதிரையின் சினைப்பருவத்தைச் சீராக்கும் ஆல்ட்ரெனோஜெஸ்ட் குதிரைக்குப் பெரிதும் பாதுகாப்பானதே. ஆயினும் தோல்வழி ஊடுருவுமாதலின், கையாளுவோர், குறிப்பாகப் பெண்கள், கையுறையின்றித் தொடலாகாது. கருவுற்ற பெண்கள் அதனை அறவே தவிர்க்க வேண்டும்.

டெக்ஸாமெதாசோன் போன்ற ஸ்டீராய்டுகள் வீக்கத்தையும் வலியையும் தணிக்கும். நலமுள்ள குதிரைக்குக் குறுகிய காலம் தருவதில் அபாயம் குறைவு. உடல் பருத்து இன்சுலின் சீர்கெட்ட குதிரைக்கோ குளம்பினுள் அழற்சி ஏற்பட்டு, அது நிற்கவும் இயலாது போகலாம். மேலும், வலி மறைந்த குதிரை காயத்தோடே ஓடும்.

தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகளின் நிலை வேறு. இவற்றால் ஆண்குதிரையின் விந்தணு குறையும், பெண்குதிரையின் சினைச்சுழற்சி தடைப்படும், முரட்டுத்தனம் கூடும். துபாய் ஆட்சியாளரின் கொடால்பின் நிறுவனத்துக்குரிய இங்கிலாந்துக் குதிரை இலாயத்தில் இவை பயன்பட்டது 2013இல் வெளிப்பட்டபோது, பயிற்சியாளர் மஹ்மூத் அல் ஸரூனிக்கு 8 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது.

விலங்குக்குத் தீனியும் நீரும் அளிப்பதும், அதன் சக்திக்கு மீறிச் சுமத்தாதிருப்பதும் உரிமையாளரின் கடமை என ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. நோயுற்ற குதிரைக்கு மருத்துவர் தேர்ந்து தரும் ஹார்மோன் அக்கடமையைச் சார்ந்தது. நோயற்ற குதிரைக்கு வேகம் வேண்டி ஏற்றப்படும் ஊசியோ, சக்திக்கு மீறிச் சுமத்துவதன் மற்றொரு வடிவமே. ஆகவே ஐயமுற்றோர் மருந்துக் கடையை நாடாது, அரசு கால்நடை மருத்துவமனையையோ, அண்மையிலுள்ள ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகுதல் நன்று.