விற்றுவிட்ட மோட்டார் சைக்கிள்

ஊர் மாற்றலாகும் உத்தியோகஸ்தர் வீட்டில் சாமான் கட்டும்போது முதலில் விலை பேசப்படுவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிளே. பீரோவும் கட்டிலும் லாரியில் ஏறிவிடும். ஆட்டுக்கல்லைக்கூட விட்டுச்செல்ல மனம் வராது. வண்டியோ புதிய மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்குமானால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். புதிய மாநிலத்தில் மீண்டும் சாலை வரி செலுத்தவேண்டும். ரயிலில் அனுப்புவதாயின் பெட்ரோல் டாங்கியைக் காலி செய்து, சாக்கு சுற்றிக் கட்டி, பார்சல் அலுவலகத்தில் ஒப்படைக்கவேண்டும். இத்தனை அலைச்சலுக்கு நடுவே ஒருவர் ரொக்கத்துடன் வந்து நின்றால் வண்டி கைமாறிவிடுகிறது. வருத்தம் உடனே வருவதில்லை. சில மாதங்கள், சில சமயம் சில ஆண்டுகள் கழித்தே வருகிறது.

அவ்வருத்தம் எத்தகையது என்று சிறிது ஆராய்வோம். நம்மவர் மிகுதியாக நினைத்து ஏங்கும் வண்டி புல்லட் ஆதலால் அதனையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் புல்லட் உருவாயிற்று. இங்கிலாந்தில் மூல நிறுவனம் 1970-ஐ ஒட்டி மறைந்த பின்னரும் சென்னையில் அவ்வண்டி நிற்கவில்லை. தில்லியிலோ போபாலிலோ அதை ஓட்டிய தமிழர்க்கு அது ஒருவகையில் ஊர்க்கார வண்டியுமாகும்.

பழைய புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டமுடையது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நீண்ட இவ்வோட்டமும் கனமான பிளைவீலும் சேர்ந்து இயந்திரத்தை மிக மெதுவாகச் சுழலவிட்டன. சக்கரம் இருமுறை சுற்றினால் ஒருமுறை வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே காதில் விழும். தெருமுனையில் வரும்போதே ‘அப்பா வந்துவிட்டார்’ என்று பிள்ளைகள் அறிந்தது இதனால்தான்.

அதைக் கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், ஓரிடத்தில் அம்மீட்டர் முள் மையத்துக்கு வரும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸர் பிடியை இழுத்துக் கிக்கரை இன்னும் சற்று இறக்கி, பிடியை விட்டு, பின் ஒரே உதை. முறை தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். இருபதாண்டு ஓட்டியவருடைய கால்கள் இவற்றை அவர் நினையாமலே செய்துவந்தன. பின்னாளில் வந்த புல்லட்டில் கியர் இடப்பக்கம் மாறிவிட்டது. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் ஓடுகிறது. அதே பெயருள்ள புது வண்டியை வாங்கியும் சிலர் ஆறுதல் அடையாதது ஏன் என்றால், அவர்களுடைய வலக்கால் கியரைத் தேடிப் பிரேக்கில் போய் விழுகிறது. பயின்ற திறமை ஒன்று பயன்படுத்த இடமின்றி உடம்பில் கிடக்கிறது. வருத்தத்தின் பெரும்பங்கு அதுவே என்பது நம் கருத்து.

எண்ணெய்க் கசிவையும், மெக்கானிக் கடை வாசலில் கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளையும் நினைவு தள்ளுபடி செய்துவிடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தில்லிவாசிகளுக்கு வேறொரு நெருக்கடியும் நேர்ந்தது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடலாகாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அக்காலத்தில் அவசர அவசரமாக விற்றவர் பலர். தடையின்மைச் சான்று பெற்று, தடையில்லாத பிற மாநிலத்துக்கு வண்டியை அனுப்பும் வழியும் இருந்தது. அதை அறிந்தவர் சிலர், அலைய அவகாசம் இருந்தவர் அவரினும் சிலர். மாற்றலுக்கு உட்பட்ட அரசு ஊழியர் முதலியோர்க்காக எல்லா மாநிலங்களிலும் செல்லும் ‘பாரத் வரிசை’ப் பதிவு 2021-இல்தான் வந்தது.

விற்ற பின்னும் முடியாத கடமை ஒன்றுண்டு. அதே மாநிலத்தவர்க்கு விற்றால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும். வெளி மாநிலத்தவர்க்கு விற்றால் தடையின்மைச் சான்று முதலியவற்றை 45 நாட்களுக்குள் அனுப்பவேண்டும். பல கை மாறியும் பதிவேட்டில் பெயர் மாறாத ஒரு வாகனம் விபத்துக்குள்ளானபோது, பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்குப் பொறுப்பும் அவரே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஆசையோடு வளர்த்த வண்டி நீதிமன்ற அழைப்பாணையாகத் திரும்பி வருவது எவருக்கும் வேண்டாத சந்திப்பு.

விரும்பிய சந்திப்புக்கும் இடமுண்டு. புதிய உடைமையாளர் நிறத்தை மாற்றுவார், சைலன்ஸரை மாற்றுவார். மாநிலம் மாறினால் பதிவெண்ணும் மாறும். சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண் மட்டும் மாறாது. ஆகவே விற்பனைக்கு முன் பதிவுச் சான்றின் நகலொன்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம். ‘மறுபடி விற்கும் எண்ணம் வந்தால் முதலில் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்’ என்று வாங்குபவரிடம் முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிடலாம். அவருக்கு அதில் நஷ்டமொன்றுமில்லை. பழைய உடைமையாளரைப்போல் விலை கொடுப்பவர் வேறு யாரும் கிடைக்கமாட்டார்.