யார் பெயரை எழுதுவது?

விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்க்கச் சாத்துக்குடியோடு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சீனிவாசப் பெருமாளைப் பார்க்கப் படியேறிப் பழகியவர், இந்த வருடம் அடிவாரத்தில் நின்றே கும்பிட வேண்டியிருந்தால், போனது என்னவென்று அவருக்குத் தெரியும். அந்த இழப்பை மூடி மறைத்துவிட்டு வரவழைக்கிற நன்றி நிலைக்காது.

எது நிலைக்கும்? ராஜபாளையத்திலிருந்து தெற்கே, தென்காசிக்கு அருகில் இருக்கிறது ஆய்க்குடி. அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல், கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் போனார். அங்கே உடல்திறன் சோதனையில் உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. மூளையின் கட்டளை கைகால்களுக்குப் போகிற பாதை அது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்துவிட்டது.

அவருக்குச் சிகிச்சை தந்தவர் விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல். 1981-ஐ ஊனமுற்றோருக்கான ஆண்டாக ஐ.நா. அறிவித்திருந்தது. அதே ஆண்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக ராமகிருஷ்ணன் ஒரு அமைப்பைத் தொடங்கி, அந்த டாக்டரின் பெயரை வைத்தார்: அமர் சேவா சங்கம். 2020-இல் பத்மஸ்ரீ வந்தது. எனக்கு விருதைவிட அந்தப் பெயர்தான் பெரிதாகத் தெரிகிறது. இழந்தது இழந்ததுதான், அப்போது கூட இருந்தவர் யார் என்பதை அவர் மறக்கவில்லை.

நன்றி உணர்வு உடலுக்கும் ஏதாவது செய்யுமா? அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நரம்புத்தசை நோயுள்ளவர்கள் 21 நாட்கள், அன்றன்று நன்றி சொல்லத் தோன்றியவற்றை எழுதினார்கள். அப்படி எழுதாதவர்களைவிட அவர்கள் கூடுதல் நேரம் தூங்கியதாகச் சொன்னார்கள். நோய் அப்படியேதான் இருந்தது.

எழுத உட்கார்ந்தால் பெரிதாக எதையும் தேட வேண்டாம். படுக்கைப்புண் வராமல் இருக்க, இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டிப் படுக்க வைத்த அக்கா. சக்கர நாற்காலி ஏறுவதற்கு வாசல்படியில் பலகை போட்டுத் தந்த பக்கத்து வீட்டு ஆசாரி. வலி கூடின நாளில் ஒன்றும் எழுத வராது, அன்றைக்கு விட்டுவிடலாம். பார்க்க வந்தவர்களும் அன்றைக்குத் தலைப்பாகையைப் பற்றிப் பேசாமல், சாத்துக்குடியை உரித்துக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.