கூகுளில் உங்கள் கடை எங்கே? போட்டி குறைந்த தேடல் சொற்களைக் கண்டறியும் வழி



சிறு வியாபாரம் பற்றி எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் எப்போது பேசினாலும், ஒரு கேள்வி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. "பணம் செலவழித்து இணையத்தளம் அமைத்துவிட்டோம். ஆனால், கூகுளில் தேடினால் எங்கள் கடை வருவதே இல்லை. என்ன செய்வது?" என்பதுதான் அது. அரங்கில் சில நிமிடங்களில் சொல்லி முடித்த பதிலை இங்கே சற்று விரிவாகத் தருகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இணையத்தளம் வைத்திருப்பது வேறு. தேடுபவரின் கண்ணில் படுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக இருப்பது தேடல் சொல். வாடிக்கையாளர் கூகுளின் பெட்டியில் தட்டச்சு செய்யும் சொல்லையோ சொற்றொடரையோதான் அப்படி அழைக்கிறோம். எந்தச் சொல்லுக்காக நம் பக்கம் வரவேண்டும் என்று நாம் தீர்மானிக்காவிட்டால், எந்தச் சொல்லுக்கும் அது வராமல் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

பெரிய சொல்லில் இடமில்லை

கிள்ளானில் வீட்டிலேயே முறுக்கு சுட்டுப் போத்தலில் விற்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்கள் "முறுக்கு" என்ற ஒற்றைச் சொல்லில் முதலிடம் பிடிக்க ஆசைப்படலாம். ஆனால், அந்தச் சொல்லுக்குச் சமையல் குறிப்புத் தளங்கள், காணொளிகள், கலைக்களஞ்சியப் பக்கங்கள், பெரிய இணைய அங்காடிகள் என்று பல ஆண்டுகளாக வேரூன்றியவை வரிசையில் நிற்கின்றன. போன மாதம் தொடங்கிய ஒரு சிறிய தளம் அவற்றைத் தள்ளிவிட்டு முன்னே வருவது நடைமுறையில் மிகக் கடினம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "முறுக்கு" என்று தேடுபவர் எதைத் தேடுகிறார்? செய்முறையா, படமா, வாங்குவதற்கு ஒரு கடையா? நமக்குத் தெரியாது. அதே நபர் "முட்டையில்லாத அச்சு முறுக்கு கிள்ளான்" என்று தேடினால், அவர் தேவை பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. அச்சு முறுக்கு செய்முறைகள் பலவற்றில் முட்டை சேர்க்கப்படுகிறது. சைவ உணவு உண்பவர்களும் கோயில் பூசைக்கு வாங்குபவர்களும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்குவார்கள். இப்படித் தேடுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால், வருபவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார். பதில் சொல்லும் பக்கங்களும் குறைவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். போட்டி குறைந்த சொல் என்பது இதுதான்.

இத்தகைய நீளமான சொற்றொடர்கள் ஒவ்வொன்றும் சிறியவை. மொத்தமாகச் சேர்ந்தால் பெரியவை. ஒவ்வொரு நாளும் தன்னிடம் வரும் தேடல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு அதற்கு முன் ஒருமுறைகூட வராதவை என்று கூகுள் நிறுவனமே பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. மக்கள் தங்கள் தேவையைத் தங்கள் சொந்தச் சொற்களில்தான் கேட்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

போட்டி இல்லை, ஆளும் இல்லை

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "ஒரே மாதத்தில் கூகுளில் முதலிடம், உத்தரவாதம்" என்று சொல்லிச் சிறு வியாபாரிகளிடம் மாதாமாதம் கட்டணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பிறகு அவர்கள் கைப்பேசியில் தேடிக் காட்டுவார்கள். கடை முதலிடத்தில்தான் இருக்கும். ஆனால், எந்தச் சொல்லுக்கு? "ஜாலான் மேரு நீலமூடிப் போத்தல் முறுக்கு" போன்ற ஒரு சொற்றொடருக்கு யார் வேண்டுமானாலும் முதலிடம் பிடிக்கலாம். ஏனென்றால், அப்படி எவரும் தேடுவதில்லை. போட்டியும் இல்லை, வாடிக்கையாளரும் இல்லை.

ஆகவே, நல்ல தேடல் சொல்லுக்கு இரண்டு தகுதிகள் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று, அதை யாரோ உண்மையிலேயே தேட வேண்டும். இரண்டு, அதற்கு நல்ல பதில் இன்னும் கிடைக்காமல் இருக்க வேண்டும். கூகுளில் முதலிடத்தை எவராலும் உத்தரவாதமாகத் தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எச்சரித்திருப்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

சொற்களை எங்கே தேடுவது?

தொகுப்பாளராக இருந்து நான் பார்த்தது இது. அரங்கில் அமர்ந்திருக்கும் நிபுணர் பயன்படுத்தும் சொல் ஒன்று. தொலைபேசியில் அழைக்கும் நேயர் பயன்படுத்தும் சொல் வேறொன்று. இருவரும் ஒரே விஷயத்தைத்தான் பேசுவார்கள். தேடல் பெட்டியில் விழுவது நேயரின் சொல்தான்.

எனவே, முதல் இடம் உங்கள் கைப்பேசி. வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். "நூறு போத்தல் எடுத்தால் என்ன விலை?", "ஷா ஆலமுக்குக் கொண்டுவந்து தருவீர்களா?", "கல்யாணத்துக்கு டோர் கிஃப்ட் செய்து தருவீர்களா?", "எத்தனை வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்?" என்று வரும். அவற்றைத் திருத்தி அழகுபடுத்த வேண்டாம். வந்த சொல் வந்தபடியே இருக்கட்டும்.

இரண்டாவது இடம் கூகுளின் பெட்டி. "அச்சு முறுக்கு" என்று தட்டச்சு செய்து நிறுத்தினால், கீழே சில பரிந்துரைகள் விரியும். அவை பிறர் உண்மையிலேயே தேடியவற்றிலிருந்து வருபவை. தேடிய பிறகு, முடிவுகளுக்கு இடையே மக்கள் கேட்கும் தொடர்புடைய கேள்விகளும், பக்கத்தின் அடியில் தொடர்புடைய தேடல்களும் பல வேளைகளில் காட்டப்படும். அவற்றையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மொழி. நம் நாட்டில் ஒரே பலகாரத்துக்குப் பல பெயர்கள். நமக்கு அச்சு முறுக்கு. மலாய் நண்பருக்குக் குவே ரோஸ் அல்லது குவே லோயாங். ஆங்கிலத்தில் தேடுபவருக்கு ஹனிகோம்ப் குக்கீஸ். முறுக்கு என்பதை ரோமன் எழுத்தில் எழுதும்போதும் ஒரு "கே" போடுவோர் உண்டு, இரண்டு "கே" போடுவோரும் உண்டு. மலாயில் ஒரு "கே"தான் வழக்கம். எல்லாரும் ஆங்கிலப் பெயருக்கே முட்டி மோதும்போது, மலாய்ப் பெயருடன் "முட்டையில்லாதது" என்ற விவரமும் சேர்ந்த ஒரு பக்கத்துக்கு இடம் காலியாக இருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் தேவையில்லை. மூன்று மொழியும் பேசும் நம் வீட்டுப் பிள்ளைகளே போதும்.

நான்காவது, கூகுளின் இலவசக் கருவிகள். விளம்பரதாரர்களுக்கான கீவேர்ட் பிளானர், ஒரு சொல் மாதம் ஏறத்தாழ எத்தனை முறை தேடப்படுகிறது என்று காட்டும். விளம்பரத்துக்குப் பணம் செலவிடாதவர்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 100 வரை, 100 முதல் 1,000 வரை என்று அகன்ற வரம்பாகவே காட்டும். 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கூகுள் டிரெண்ட்ஸ், ஒரு சொல்லின் தேடல் எந்தக் காலத்தில் ஏறி இறங்குகிறது என்பதை 0 முதல் 100 வரையிலான அளவில் காட்டும். தீபாவளிப் பலகாரம் விற்பவர் தம் பக்கத்தை எந்த மாதத்தில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இணையத்தளம் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது சர்ச் கன்சோல். எந்தெந்தத் தேடல்களில் உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று கடந்த 16 மாதங்கள் வரையிலான விவரத்தை அது தருகிறது. அதில் 11 முதல் 20 வரையிலான இடங்களில் நிற்கும் சொற்களைப் பாருங்கள். கூகுள் உங்களை ஏற்கெனவே ஓரளவு ஏற்றுக்கொண்ட சொற்கள் அவை. அந்தப் பக்கத்தைச் செம்மைப்படுத்தினால், முதல் பக்கத்துக்கு வர வாய்ப்புண்டு.

போட்டியை அளப்பது எப்படி?

இங்கே பரவலான ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கீவேர்ட் பிளானரில் "போட்டி" என்று ஒரு பத்தி இருக்கும். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று காட்டும். அது விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டி மட்டுமே. கட்டணமில்லாத சாதாரண முடிவுகளில் முன்னுக்கு வருவது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்வதில்லை. அங்கே "குறைவு" என்று இருப்பதை நம்பிப் பல மாதம் உழைத்து வீணாகிறவர்கள் பலர்.

உண்மையான போட்டியை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். உலாவியை மறைநிலையில் திறந்து அந்தச் சொற்றொடரைத் தேடுங்கள். முதல் பக்கத்தில் வருபவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். தேடியவரின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறதா? தகவல் பழையதா? வேறு ஊர்க் கடையா? கேள்வி விலையைப் பற்றி இருக்க, பக்கம் செய்முறையைச் சொல்கிறதா? யாரோ எப்போதோ எழுதிய முகநூல் பதிவா? இப்படிப்பட்டவையே அதிகம் என்றால், அங்கே இடம் இருக்கிறது. மாறாக, நேர்த்தியான விலைப்பட்டியலும் படங்களும் உள்ள நான்கைந்து உள்ளூர்க் கடைகளும் பெரிய அங்காடிகளும் வந்தால், அடுத்த சொல்லுக்குப் போய்விடுங்கள்.

மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், அந்தச் சொற்றொடர் அப்படியே உள்ள பக்கங்களைக் காணலாம். அதுவும் ஒரு குறிப்புத்தான். கூகுள் காட்டும் முடிவுகளின் எண்ணிக்கை தோராயமானது. அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

பக்கத்தில் என்ன எழுதுவது?

சொல் கிடைத்தால் வேலை முடிந்ததா? இல்லை. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "முட்டையில்லாத அச்சு முறுக்கு, கிள்ளான்" என்று பக்கத்தின் தலைப்பிலேயே தெளிவாக எழுதுங்கள். கீழே, என்னென்ன பொருள்கள் சேர்க்கிறீர்கள், போத்தல் எவ்வளவு எடை, எத்தனை ரிங்கிட், குறைந்தது எத்தனை போத்தல் எடுக்க வேண்டும், எந்தெந்த வட்டாரத்துக்குக் கொண்டுபோய்த் தருவீர்கள், எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பனவற்றை எழுதுங்கள். உங்கள் அடுப்படியில் எடுத்த படத்தையே போடுங்கள்.

செய்யக் கூடாதவை சிலவும் உள்ளன. ஒரே சொல்லை வரிக்கு வரி திணிப்பதும், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை ஐம்பது முறை நகலெடுப்பதும் கூகுளின் விதிகளுக்குப் புறம்பானவை. தளம் பின்னுக்குத் தள்ளப்படலாம். முடிவுகளிலிருந்தே நீக்கப்படவும் கூடும். பக்கத்தின் மறைகுறியீட்டில் தேடல் சொற்களைப் பட்டியலிட்டுத் தருவதாகச் சொல்லி யாராவது கட்டணம் கேட்டால், கொடுக்காதீர்கள். இணையத் தேடலில் தரவரிசைக்கு அந்தப் பட்டியலைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

உள்ளூர் வியாபாரிகள் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்ற இலவசப் பதிவையும் செய்துகொள்ள வேண்டும். வரைபடத்தோடு வரும் கடைகளின் வரிசையில் இடம்பெற அதுவே வழி. தேடலுக்குப் பொருத்தம், தொலைவு, கடையின் பெயர் பெற்ற நிலை ஆகிய மூன்றையும் வைத்தே அந்த வரிசை அமைகிறது.

2024ஆம் ஆண்டு முதல் பல நாடுகளில் செயற்கை நுண்ணறிவு தொகுத்த பதிலையும் முடிவுகளின் மேலேயே கூகுள் காட்டி வருகிறது. பொதுவான கேள்விகளுக்கு அங்கேயே பதிலைப் படித்துவிட்டு, எந்தத் தளத்துக்கும் போகாமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். "முறுக்கு செய்வது எப்படி" என்று எழுதும் பக்கத்தைவிட, உங்கள் விலை, உங்கள் ஊர், உங்கள் கைப்பக்குவம் ஆகியவற்றைச் சொல்லும் பக்கமே உங்களுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவரும். அந்த விவரம் உங்களிடம் மட்டும்தானே இருக்கிறது!

பொறுமையும் கணக்கும்

தேடல் சீரமைப்புப் பணிகளின் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்கிறது கூகுளின் வழிகாட்டி. ஆகவே, ஒரு மாதத்தில் மனம் தளர வேண்டியதில்லை. அதே வேளையில், இந்த வேலைக்கு ஒருவரை அமர்த்துவதாக இருந்தால், கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தெந்தச் சொற்களுக்கு வேலை செய்யப் போகிறீர்கள்? அவற்றை மக்கள் தேடுகிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? சர்ச் கன்சோல் கணக்கு என் பெயரில் இருக்குமா? மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அந்த ஒப்பந்தம் வேண்டாம். ஆளை மாற்றும் நாளில், உங்கள் கடையின் தேடல் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தீபாவளிக்குப் பலகாரம் சுட்டுப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சமாளிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நூறு ரிங்கிட்டும் பெரிய பணமே. அதை வீணாக்காமல் காப்பாற்ற, இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். வாட்ஸ்அப்பைத் திறந்து, வாடிக்கையாளர்கள் கேட்டவற்றில் பத்தை எழுதுங்கள். பத்தையும் கூகுளில் தேடிப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லையோ, அதற்கு உங்கள் முதல் பக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.