முதலில் இரவைத் தேர்ந்தெடுப்போம்

நார்வேக்குக் கப்பலில் போக ஆசைப்படுகிறவர்களிடம் அங்கே என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சொல்வார்கள். செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்து கிடக்கும் ஃபியோர்டு. நள்ளிரவிலும் மறையாத சூரியன். இரவு வானத்தில் பச்சையாக அசையும் துருவ ஒளி. மூன்றும் நார்வேயில் இருக்கின்றன, மூன்றையும் கப்பல் தளத்தில் நின்றபடியே பார்க்கலாம். ஆனால் ஒரே பயணத்தில் மூன்றும் கிடைக்காது. இது தெரியாமல் ஜூன் மாதத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, துருவ ஒளியைத் தேடி ராத்திரியெல்லாம் தளத்தில் காத்திருந்தால் மனசு நொந்துதான் போகும்.

ஏன் கிடைக்காது என்று நிதானமாகப் பார்த்துவிடுவோம். காரணம் பிடிபட்டால் எந்த மாதம், எந்தக் கப்பல், எத்தனை நாள் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தேடுவது எளிதாகிவிடும்.

பூமி நேராக நின்று சுழல்வதில்லை, சுமார் 23.4 டிகிரி சாய்ந்தபடி சுழல்கிறது. சூரியனைச் சுற்றி வரும்போதும் அந்தச் சாய்வு திசை மாறுவதில்லை. அதனால் ஜூனில் வடதுருவம் சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, டிசம்பரில் விலகியிருக்கிறது. 90இலிருந்து 23.4ஐக் கழித்தால் 66.6. இந்த அட்சக்கோட்டைத்தான் ஆர்க்டிக் வட்டம் என்கிறோம். அதைத் தாண்டி வடக்கே போனால் கோடையில் சில நாட்களாவது சூரியன் மறையாது. போகப் போக அந்த நாட்கள் கூடும். ட்ரோம்சோ நகரத்தில் இந்தக் காலம் மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கில் முடிகிறது. இன்னும் வடக்கே நார்த் கேப் முனையில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை. ஸ்வால்பார்ட் தீவுகளில் ஏப்ரல் 20 முதல் ஆகஸ்ட் 22 வரை, ஏறத்தாழ நான்கு மாதம் ஒரே பகல்.

துருவ ஒளியின் கதை வேறு. சூரியனிலிருந்து மின்னேற்றம் கொண்ட துகள்கள் ஓயாமல் கிளம்பி வருகின்றன; இதைச் சூரியக் காற்று என்பார்கள். பூமியின் காந்தப்புலம் அவற்றில் பெரும்பகுதியைத் திசைதிருப்பி விடுகிறது. காந்தப்புலத்துக்குள் சிக்கி வேகம் பிடிக்கும் துகள்கள், துருவத்தைச் சுற்றி ஒரு வளையம் போன்ற பகுதியில் காற்றுமண்டலத்துக்குள் இறங்குகின்றன. தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் அணுக்கள் மீது மோதினால் பச்சை, 200 கிலோமீட்டருக்கு மேலே என்றால் சிவப்பு, நைட்ரஜன் மீது மோதினால் நீலமும் ஊதாவும். இந்தத் தொடர்பைத் துப்புத்துலக்கியவர்களில் முதன்மையானவர் கிறிஸ்டியான் பிர்க்கலாண்ட் என்ற நார்வே இயற்பியலாளர். ஆல்டா ஊருக்குப் பக்கத்தில் ஹால்டே மலை உச்சியில் 1899இல் ஆய்வுக்கூடம் அமைத்து, கடுங்குளிரில் உட்கார்ந்து வானத்தைக் கவனித்தவர். பிறகு காற்றை வெளியேற்றிய கண்ணாடிப் பெட்டிக்குள் காந்தமேற்றிய சிறு உருண்டையை வைத்து, அதன் துருவங்களைச் சுற்றி ஒளி வளையத்தை வரவழைத்தும் காட்டினார்.

இங்கேதான் எல்லோருக்கும் உள்ள ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. துருவ ஒளி குளிர்காலத்தில் வருவது, பனி உறையும் அளவுக்குக் குளிர்ந்தால்தான் தோன்றும் என்று நினைக்கிறோம். படங்களில் எப்போதும் கீழே பனி, மேலே ஒளி என்று பார்த்துப் பழகியதால் வந்த எண்ணம் இது. குளிருக்கும் அந்த ஒளிக்கும் சம்பந்தமே இல்லை. மோதல் நடக்கும் இடம் மேகங்களுக்கெல்லாம் மிக மேலே, வானிலை என்பதே எட்டாத உயரத்தில். ஜூன் மாதத்திலும் அந்த வளையம் வடக்கு நார்வேயின் தலைக்கு மேல்தான் இருக்கிறது. பகலில் நட்சத்திரங்கள் எங்கும் போய்விடவில்லை அல்லவா? அதே கணக்குதான். ஒளி இருக்கிறது, வானம் வெளிச்சமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆகவே துருவ ஒளிக்குத் தேவை குளிரல்ல, இருட்டு. நள்ளிரவுச் சூரியனுக்குத் தேவை இருட்டே இல்லாத இரவு. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று தெரியாது. ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே இருந்தாலும் கோடையில் பலன் இல்லை. 60ஆவது அட்சக்கோட்டை ஒட்டியிருக்கும் பெர்கனில் ஜூன் மாதத்துச் சூரியன் இரவு 11 மணிக்கு மேல் மறைந்து, 4 மணியைத் தாண்டியதும் உதித்துவிடும். இடையில் அந்திவெளிச்சம் மட்டுமே. வடக்கு நார்வேயில் வானம் ஓரளவு இருட்டத் தொடங்குவது ஆகஸ்ட் கடைசியில். செப்டம்பர் முதல் மார்ச் முடிய நல்ல காலம், ஏப்ரல் தொடக்கத்தோடு முடிந்துவிடும்.

எனவே கப்பல் கம்பெனியின் விளம்பரத்தைத் திறப்பதற்கு முன், நமக்கு வேண்டியது வெளிச்சமான இரவா, இருட்டான இரவா என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெளிச்சமான இரவு என்றால் மே கடைசியும் ஜூனும் எனக்குப் பிடித்தவை. மலைப்பனி உருகும் காலம், அருவிகளில் தண்ணீர் நிறைந்து கொட்டும். கெய்ராங்கர் ஃபியோர்டில் ஏழு சகோதரிகள் என்ற அருவி இருக்கிறது. ஜூனில் பார்த்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருத்தமாகப் பல தாரைகளாக விழும். கோடை முடிவதற்குள் மெலிந்து நூல் நூலாகிவிடும்.

நள்ளிரவுச் சூரியனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நள்ளிரவில் சூரியன் நேர் வடக்கில், அடிவானத்துக்குச் சற்று மேலே நிற்கும். வடக்குப் பக்கம் மலை இருந்தால் மறைந்துவிடும். ஃபியோர்டுக்குள்ளே இருக்கும் கப்பலிலிருந்து அது தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். கடல் திறந்து கிடக்கும் இடத்தில் கப்பல் அந்த நேரத்தில் இருக்க வேண்டும். கடிகாரமும் சற்று ஏமாற்றும். கோடையில் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பதால், ட்ரோம்சோவில் சூரியன் மிகத் தாழ்வாக வருவது 12 மணிக்கு அல்ல, 12.45 வாக்கில். பன்னிரண்டு அடித்ததும் படம் எடுத்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் நல்ல காட்சியைத் தவறவிடுகிறார்கள்.

இப்போது வரைபடத்தை விரித்து வைப்போம். உலகம் கொண்டாடும் பெரிய ஃபியோர்டுகள் எல்லாம் நார்வேயின் மேற்குக் கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு தெற்கே இருக்கின்றன. பனியாறுகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாக மலையைக் குடைந்து இறங்கி, பின்வாங்கியபோது அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்தது. சோக்னே ஃபியோர்டின் நீளம் 200 கிலோமீட்டருக்கு மேல், மிக ஆழமான இடத்தில் 1,308 மீட்டர். ஆனால் கடலோடு சேரும் வாயில் ஆழம் மிகக் குறைவு. பனியாறு முனையில் மெலிந்து வலுவிழந்த இடம் அது. சோக்னேயின் கிளை ஃபியோர்டுகளில் ஒன்றான நேரோய் ஃபியோர்டு, மிகக் குறுகலான இடத்தில் 250 மீட்டர் அகலம்தான். அதுவும் கெய்ராங்கரும் 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

இதிலிருந்து புரிவது, ‘ஃபியோர்டு க்ரூஸ், 7 நாள்’ என்று விற்கப்படும் பயணங்கள் பெரும்பாலும் ஆர்க்டிக் வட்டத்தைத் தொடுவதே இல்லை. சவுத்தாம்ப்டனிலோ ஹாம்பர்க்கிலோ புறப்பட்டு, பெர்கன், ஃப்ளோம், ஓலசுண்ட் என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஆர்க்டிக் கரையும் வேண்டுமென்றால் நாட்கள் இரட்டிப்பாகும். பயண அட்டவணையில் ட்ரோம்சோ, ஹோனிங்ஸ்வோக் போன்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அதுவே போதும். கெய்ராங்கர் உங்கள் கனவு என்றால் இன்னொன்றும் விசாரியுங்கள். உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளுக்குள் புகையில்லாக் கப்பல்கள் மட்டுமே என்ற விதியை நார்வே கொண்டுவந்திருக்கிறது. 10,000 டன்னுக்குக் குறைந்த கப்பல்களுக்கு 2026 முதல், பெரியவற்றுக்கு 2032 முதல். நீங்கள் ஏறும் கப்பல் உள்ளே போகுமா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுவது நல்லது.

கப்பல்களில் இரண்டு வகை. பெரிய க்ரூஸ் கப்பலைச் சுற்றுலா பஸ் என்று வைத்துக்கொண்டால், நார்வேயின் கடலோரக் கப்பல் ஊர் ஊராக நின்று போகும் ரூட் பஸ். 1893இல் ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் ட்ரோண்ட்ஹெய்மிலிருந்து ஹம்மர்ஃபெஸ்டுக்கு ‘வெஸ்டரோலன்’ என்ற நீராவிக் கப்பலைச் செலுத்தித் தொடங்கிய வழி இது. இன்று ஹூர்டிக்ரூட்டன், ஹவிலா என்ற இரு கம்பெனிகள் நடத்துகின்றன. பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்கு அருகிலுள்ள கிர்க்கனஸ் வரை 34 துறைமுகங்கள், போய்த் திரும்ப 12 நாள். மீன், உள்ளூர்ப் பயணிகள், சுற்றுலாக்காரர்கள் எல்லோருக்கும் அதே கப்பல். பாட்டு நிகழ்ச்சியும் நீச்சல்குளக் கொண்டாட்டமும் தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. கரையையும் மனிதர்களையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை என்பது என் எண்ணம். சில துறைமுகங்களில் கால் மணி நேரம்தான் நிற்கும். வடக்கே போகும்போது இரவில் கடந்த ஊர்களைத் திரும்பி வரும்போது பகலில் காட்டும்படி அட்டவணை அமைந்திருக்கிறது. பாதிப் பயணம் மட்டும் எடுக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வளவு வடக்கே குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடாதா என்ற பயம் நியாயமானது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டியே வடக்கே போகிறது. அதனால் கிர்க்கனஸ் வரை கப்பல்கள் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. ட்ரோம்சோவில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை மைனஸ் நான்கு டிகிரியை ஒட்டித்தான். நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை அங்கே சூரியன் உதிப்பதில்லை என்றாலும் நாள் முழுவதும் கும்மிருட்டு அல்ல. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்பும் கலந்த வெளிச்சம் பரவும்.

இருட்டான இரவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு என் பரிந்துரை செப்டம்பர் கடைசி வாரம். வானம் போதுமான அளவு இருட்டியிருக்கும். குளிர் தாங்கும்படி இருக்கும். பிர்ச் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். ஃபியோர்டுகளையும் பார்த்துவிடலாம். இரவும் பகலும் சமமாகும் காலத்தை ஒட்டி, சூரியக் காற்றின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தோடு இணைவதற்கு வசதியான கோணம் அமைகிறது. அதனால் செப்டம்பரிலும் மார்ச்சிலும் துருவ ஒளி சற்றுக் கூடுதலாகவே தென்படும். மூன்றில் இரண்டு ஆசைகள் ஒரே பயணத்தில் நிறைவேறுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை.

ஒளி வரும் இரவில் என்ன நடக்கும்? ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். ஸ்வெட்டர், கோட் எல்லாம் மாட்டிக்கொண்டு தளத்துக்கு ஓடுவோம். முதலில் ஒன்றும் தெரியாது. விளக்குகளை விட்டு விலகி நின்று, கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது கொடுக்க வேண்டும். அப்போது வடக்கே சாம்பல் நிறத்தில் மேகக் கீற்றுப்போல் ஒன்று தெரியும். மேகம்தான் என்று திரும்பிவிடாமல் மொபைலின் இரவுக் காமிராவை அதன் பக்கம் திருப்புங்கள். திரையில் பச்சை தெரிந்தால் அது மேகம் அல்ல. மங்கலான வெளிச்சத்தில் நம் கண் நிறத்தைச் சரியாகப் பிரித்தறியாது, காமிரா சில விநாடிகள் ஒளியைச் சேர்த்துவைத்துக் காட்டுகிறது. ஒளி வலுத்தால் வெறும் கண்ணுக்கே பச்சையாக விரிந்து அசையத் தொடங்கும்.

எதிரி மேகம்தான். கடலோரம் மேகமூட்டம் அதிகம். அதனால் குளிர்காலப் பயணத்தில் நாட்கள் கூடக்கூட வாய்ப்பு கூடும். கப்பலிலிருந்து இறங்கியபின் ட்ரோம்சோவில் இரண்டு மூன்று இரவுகள் தங்கினால், மேகமில்லாத இடத்தைத் தேடி உள்நாட்டுக்குக் கூட்டிப்போகும் பஸ்கள் இருக்கின்றன.

ஸ்வால்பார்டை இந்தத் திட்டத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். பனிக்கரடிகளும் பனியாற்று முகங்களும் தேடிச் சிறிய கப்பல்களில் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் தனியாகப் போக வேண்டிய இடம் அது. 2025 முதல் அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் போக முடியாது.

கடைசியாக, விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு நார்வேக்கு ஷெங்கன் விசா வேண்டும், குறைந்தது 30,000 யூரோ காப்பீட்டோடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தில் ஏறும் கப்பல் என்றால் பிரிட்டன் விசா தனி. ஸ்வால்பார்ட் நார்வேயுடையதாக இருந்தாலும் ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது. அங்கே போய்விட்டு ஆஸ்லோ வழியாகத் திரும்ப, ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசா கையில் இருக்க வேண்டும். விமான டிக்கெட் எடுக்கும்போது கப்பல் புறப்படுவதற்கு முந்தைய நாளே பெர்கன் போய்ச் சேரும்படி எடுங்கள். அட்டவணைப்படி ஓடும் கடலோரக் கப்பல், நம் விமானம் தாமதமானால் காத்திருக்காது. கூடக் கிடைக்கும் அந்த நாளில் பழைய துறைமுகத்து மரவீடுகளைச் சுற்றிப் பார்க்கலாம். நார்வேயில் மழைக்குப் பேர்போன ஊர் பெர்கன், அதனால் மழைக்கோட்டைப் பெட்டியின் அடியில் வைத்துவிடாதீர்கள்.