கோவளத்துப் படகும் குரோம்பேட்டை லேப்டாப்பும்

நீலாங்கரை, கானத்தூர், கோவளம் கரைகளில் நிற்கும் ஃபைபர் படகுகளுக்கு ஜிபிஎஸ் கருவி இன்று புதிதல்ல. மீன் படும் பார்கள் (கடலடித் திட்டுகள்), வலையைக் கிழிக்கும் பாறைகள் எல்லாம் அதில் புள்ளிகளாகப் பதிந்து கிடக்கின்றன. பல ஆண்டுகள் கடலில் அலைந்து சேர்த்த அறிவு அது. உப்புத்தண்ணீர் புகுந்து கருவி செத்தால் அத்தனையும் போச்சு. அதைக் காப்பாற்ற ஒரு பழைய லேப்டாப் போதும்.

கடல் கருவிகள் தங்களுக்குள் தகவல் பரிமாற, அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் 1983-ல் வகுத்த நெறிமுறை என்எம்இஏ 0183. நொடிக்கு 4,800 பிட், வரிக்கு அதிகபட்சம் 82 எழுத்து. இருப்பிடமும் ஆழமும் திசையும் சொல்ல இது தாராளம். வருவது கண்ணால் படிக்கக்கூடிய வெறும் எழுத்து என்பதுதான் இதன் அழகு. முதலில் டாலர் குறி. அடுத்து அனுப்பும் கருவியின் அடையாளம்: ஜிபிஎஸ் என்றால் ‘ஜிபி’, ஆழமானி என்றால் ‘எஸ்டி’. பிறகு கமா போட்டுப் பிரித்த எண்கள். கடைசியில் நட்சத்திரக் குறியும் இரண்டு இலக்கச் சரிபார்ப்பும். வழியில் ஓர் எழுத்து கெட்டாலும் அந்த இலக்கங்கள் பொருந்தாது. மென்பொருள் அந்த வரியைத் தள்ளிவிடும்.

கருவியின் வெளியீட்டுக் கம்பிகளை யூஎஸ்பி-சீரியல் மாற்றியில் இணைத்து, வேகத்தை 4,800 என்று வைத்தால் திரையில் வரிகள் ஓடும். வேகம் தவறினால் குப்பை எழுத்துகள்தான் வரும். ஓபன்சிபிஎன் என்ற இலவச மென்பொருள், வரைபடத்தில் படகை நகர்த்திக் காட்டும். குறித்துவைத்த புள்ளிகளையும் ‘டபிள்யூபிஎல்’ என்ற வரியாகப் பல கருவிகள் அனுப்பும். படகு பேட்டரியிலேயே லேப்டாப்பும் சார்ஜ் ஆகிறதென்றால், இடையில் ஒளி வழியே தகவலைக் கடத்தும் மாற்றியைப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கருவிகளுமே கெட வாய்ப்புண்டு.

சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் ஓரிடத்தில் உஷாராக இருக்க வேண்டும். கோவளத்தின் அட்சரேகை ஏறக்குறைய 12 டிகிரி 47.4 நிமிடம். கருவி இதை 1247.400 என்று அனுப்பும். முதல் இரண்டு இலக்கம் டிகிரி, மீதி நிமிடம்; நிமிடத்தை 60-ஆல் வகுத்து டிகிரியோடு கூட்டினால்தான் 12.79 டிகிரி கிடைக்கும். வகுக்காமல் 12.474 என்று எடுத்துக்கொண்டால், கோவளத்தில் நிற்கும் படகு 35 கிலோமீட்டருக்கு அப்பால், பாலாற்று முகத்துவாரத்துப் பக்கம் போய் நிற்கும்.

கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் சிக்னல் இருக்காது. 2019-ல் அறிமுகமான ஜெமினி கருவி, ககன் செயற்கைக்கோள் வழியே வரும் புயல் எச்சரிக்கையையும் மீன்வள மண்டலத் தகவலையும் வாங்கி, ப்ளூடூத்தில் மீனவரின் போனுக்குத் தருகிறது. வெளியிலிருந்து வரும் தகவலுக்கு இப்படி வழி பிறந்துவிட்டது. மீனவர் தானே சேர்த்த தகவலைப் பத்திரப்படுத்தத்தான் இன்னும் ஆள் வேண்டும்.

குரோம்பேட்டை, தாம்பரம் பகுதியில் பொறியியல் படிக்கும் மாணவர்களே, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் கோவளம் வந்துவிடும். லேப்டாப்பும் கேபிளும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். எடுத்த நகலை மீனவரிடமே கொடுத்துவிட்டு, உங்கள் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். அந்தப் பார்கள் அவருடைய தொழில் ரகசியம்.