சாலை விபத்து: சாட்சி சொல்லும் வரைபடம்

சாலை விபத்தில் அடிபட்டவர் பிழைத்து எழுந்தால் நடந்ததைத் தாமே சொல்வார். இறந்துவிட்டால், எதிர் வண்டிக்காரர் சொல்வதுதான் கதையாகிவிடுகிறது. "அவர்தான் திடீரென்று குறுக்கே வந்தார்" என்று சொன்னால் மறுக்க ஆளில்லை. அப்போது இறந்தவருக்காகப் பேசக்கூடியவை சாலையில் கிடக்கும் தடயங்கள் மட்டுமே: டயர் தேய்த்த கோடு, கண்ணாடிச் சில்லு, கொட்டிய எண்ணெய், வண்டிகள் நின்ற நிலை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. ஆகவே இந்தத் தடயங்களை அளந்து வரைபடமாக்குவது எப்படி, அதனால் குடும்பத்துக்கு என்ன பயன் என்பதை நம் சங்க வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

அடியேன் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அங்கே வண்டி தடம் புரண்டால், சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறிய இடம் எது, கீழே விழுந்த இடம் எது என்று முதலில் குறிப்போம். அங்கிருந்து 3 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, தண்டவாளங்களின் இடைவெளியையும் உயர வித்தியாசத்தையும் அளப்போம். பல இலாகாக்களின் மேற்பார்வையாளர்கள் கூடிக் கையெழுத்திடுவார்கள். பெரிய விபத்தானால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். தென் வட்டத்துக்கான அவருடைய அலுவலகம் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பதும் கவனிக்கத்தக்கது. தன் தவறைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதே காரணம்.

சாலையில் நிலைமை வேறு. ஓசூர் ரோட்டில் ஒரு லாரி குறுக்கே நின்றால் பத்து நிமிடத்தில் மைல் கணக்கில் வண்டிகள் தேங்கிவிடும். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, வண்டிகளை ஓரங்கட்டி, போக்குவரத்தைத் திறந்துவிடுவதே போலீசாரின் முதல் கவலை. அதைக் குறை சொல்ல முடியாது. பிறகு நாடா பிடித்து அளந்து, பஞ்சாயத்தார் முன்னிலையில் மகஜர் எழுதி, கையால் ஒரு வரைபடம் போடுவது நெடுங்கால வழக்கம். "சாலையோரப் புளியமரத்திலிருந்து 12 அடி" என்று அதில் எழுதியிருக்கும். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் சாலை அகலமாகி மரமே போய்விட்டால், அந்த 12 அடிக்கு என்ன பொருள்?

அளவு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. பிரேக் அழுத்தியதும் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கி நின்றது என்று வைத்துக்கொள்வோம். உராய்வு எண், புவியீர்ப்பு முடுக்கமான 9.81, தடத்தின் நீளம் ஆகியவற்றைப் பெருக்கி, அதை இரட்டித்து, வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்று கிடைக்கும். அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர். காய்ந்த தார்ச்சாலைக்கு உராய்வு எண் 0.7 எனக் கொண்டால், 30 மீட்டர் தடத்துக்கு வேகம் சுமார் 73 கிலோமீட்டர். அதே தடத்தை 24 மீட்டர் என்று அளந்துவிட்டால் வேகம் 65-ஆகக் குறைந்துவிடும். சாலை நனைந்து உராய்வு எண் 0.4 ஆக இருந்தாலோ 30 மீட்டர் தடத்துக்கே வேகம் 55 தான். நாடாவின் நீளத்தோடு, அன்று மழை பெய்ததா என்ற குறிப்பும் ஒருவருடைய குற்றத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பது விளங்குகிறதல்லவா? வழுக்கி நிற்பதற்குள் மோதியிருந்தால் உண்மை வேகம் இன்னும் அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். இதற்கும் நம் ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1802-இல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னைப் பரங்கிமலை அருகே சங்கிலியால் ஒரு நேர்கோட்டை அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே கணக்கிட்டு வந்தார். 1804-இல் பெங்களூர் அருகே இன்னொரு கோட்டை நேரடியாக அளந்து சரிபார்த்தபோது, பல மைல் நீளக் கோட்டில் கணக்குக்கும் அளவுக்கும் சில அங்குலங்களே வித்தியாசம் இருந்தது. கோணத்துக்கு தியோடலைட், தூரத்துக்குச் சங்கிலி என்று அவர் இரண்டு வேலையாகச் செய்ததை இன்று டோட்டல் ஸ்டேஷன் என்ற ஒரே பெட்டி செய்கிறது. முக்காலியில் நிற்கும் இக்கருவி ஓர் ஒளிக்கதிரை அனுப்புகிறது. தொலைவில் பிடித்திருக்கும் கண்ணாடிப் பட்டகத்தில் பட்டுத் திரும்பும் கதிரிலிருந்து தூரம் தெரியும்; கருவி திரும்பிய அளவிலிருந்து கோணம் தெரியும். நூறு மீட்டருக்குச் சில மில்லிமீட்டர்தான் பிசகும். சாலையின் குறுக்கே நாடா பிடித்து நிற்க வேண்டிய ஆபத்தும் குறைகிறது.

அடுத்தது லேசர் ஸ்கேனர். இது தானே சுழன்று வினாடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகளை அளந்து, விபத்து நடந்த இடத்தையே முப்பரிமாணத்தில் பிடித்து வைத்துவிடுகிறது. டோட்டல் ஸ்டேஷனில் நாம் தேர்ந்தெடுத்த புள்ளிதான் பதிவாகும். ஸ்கேனரிலோ அன்று யாரும் கவனிக்காத பள்ளத்தைக்கூட ஒரு வருடம் கழித்து அளக்கலாம். மூன்றாவது, டிரோன் எடுக்கும் படங்கள். ஒரு படம் அடுத்த படத்தோடு முக்கால் பங்கு ஒன்றின் மேல் ஒன்று விழும்படி எடுத்தால், கணினி அவற்றை இணைத்து அளவுள்ள வரைபடமாக்கும். தத்துவம் புதிதல்ல, சுவிட்சர்லாந்தில் சூரிச் போலீசார் 1930-களிலேயே இரட்டைக் காமிராவால் விபத்து இடங்களை அளந்தார்கள்.

நம் நாட்டிலும் மாற்றம் வந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஐராட் என்ற விபத்துத் தகவல் திட்டம் 2021-இல் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் கர்நாடகமும் தமிழ்நாடும் உண்டு. போலீசார் செல்போனிலேயே இடத்தையும் படங்களையும் பதிகிறார்கள். அடிக்கடி விபத்து நடக்கும் இடங்களைக் கண்டுபிடிக்க இது பெரிதும் உதவும். ஆனால் செல்போன் காட்டும் இடம் சில மீட்டர் முன்பின்னாக இருக்கலாம். லாரி நடுக்கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதற்கு அது போதாது.

கருவி மட்டும் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. இப்போதைய கார்களில் உள்ள ஏ.பி.எஸ். பிரேக் சக்கரத்தைப் பூட்ட விடாததால் டயர் கோடு மங்கலாகத்தான் விழும். ஒரு மழை வந்தால் அதுவும் போய்விடும். வண்டிகளை நகர்த்துமுன் அவற்றின் சக்கரம் இருந்த இடங்களைச் சாக்கட்டியால் குறிக்காவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த ஸ்கேனரும் வெறும் சாலையைத்தான் படம் பிடிக்கும். முதல் ஒரு மணி நேர வேலைதான் மற்ற எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம்.

குடும்பத்தாருக்கு இதில் என்ன? நஷ்டஈடு வழக்கில் இறந்தவர் மீதும் பாதித் தவறு என்று முடிவானால் தொகையும் அந்த அளவுக்குக் குறையும். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள், விசாரணை அதிகாரி இடத்தைப் பார்வையிட்டு, படம் எடுத்து, அளவு விகிதத்தோடு இட வரைபடம் தயாரிக்க வேண்டும் என்கின்றன. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்தில் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் நகல் தர வேண்டும். விரிவான அறிக்கைக்கு 90 நாள். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இவற்றை நடைமுறைப்படுத்தக் காவல் நிலையங்களில் தனிப் பிரிவு அமைக்கும்படி உத்தரவிட்டது.

ஆகவே துக்கத்தின் நடுவிலும் குடும்பத்தில் ஒருவர் இவற்றைக் கவனிக்க வேண்டும். அடிபட்டவரைக் காப்பாற்றிய பிறகு, வண்டிகளை நகர்த்துமுன் நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். மெட்ரோ தூண் எண், கிலோமீட்டர் கல் போன்ற நிலையான ஒன்று படத்தில் விழட்டும். வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அத்திப்பள்ளிக்கு இப்புறம் நடந்தால் அது கன்னடத்தில் இருக்கும். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் வாசிக்கச் சொல்லி, திசை, சாலை அகலம், மோதிய இடம் மூன்றையும் உங்கள் படங்களோடு ஒப்பிடுங்கள். தவறிருந்தால் உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் விபத்து நடந்தாலும், நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே நஷ்டஈட்டு மனு செய்யச் சட்டம் இடம் தருகிறது.

எந்த வரைபடமும் போன உயிரைத் திருப்பித் தராது. ஆனால் செய்யாத தவறை இறந்தவர் தலையில் சுமத்தாமல் காக்கும். அவர் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு வர வேண்டிய பணத்தையும் காக்கும். அந்த அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை.